ஒன்பதாவது சுறா

எமுலேட்டர் எழுதுவது மிமிக்ரி பண்ணுகிற வேலைதான். என்ன, மேடையும் மைக்கும் கிடையாது, கைதட்ட ஆளும் கிடையாது. செத்துப்போன ஒரு மெஷின் உயிரோடு இருந்தபோது எப்படி நடந்துகொண்டதோ, அதேபோல லேப்டாப்பை நடந்துகொள்ள வைக்க வேண்டும். பழைய வீடியோ கேமை லேப்டாப்பில் விளையாட ஆசைப்பட்டு, மூன்று நாள் கறுப்புத் திரையை மட்டும் வெறித்துப் பார்த்த புண்ணியவான்கள் யாராவது இதை வாசித்தால், நானும் உங்கள் கட்சிதான்.

எனக்குப் பதினெட்டு வயது. பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். மதியத்துக்கு மேல் தூத்துக்குடியில் தங்கராஜ் அண்ணாச்சியின் மொபைல் ரிப்பேர் கடையில் வேலை. யார் குரலையும் இரண்டு தடவை கேட்டால் பேசிவிடுவேன். அண்ணாச்சி குரலில் அவர் வீட்டுக்கே போன் போட்டு, "மீன் வாங்காத, நான் கறி எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லி, அன்றைக்கு அந்த வீட்டையே ரசமும் அப்பளமும் சாப்பிட வைத்தவள். இந்தத் தொழில் என்னைத் தேடி வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

துணி போட்டு மூடிய கம்ப்யூட்டர்

முதலில் வந்தவர் சாத்தான்குளம் சாமுவேல் சார். ரிட்டயர்டான கணக்கு வாத்தியார். பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றைப் பெட்ஷீட்டில் சுற்றி, பச்சைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தார். அது ஆன் ஆகிப் பல வருடம் ஆகிவிட்டது. டேப்பில் இருக்கும் அவருடைய கணக்குப் புரோகிராம்கள் மட்டும் லேப்டாப்பில் ஓடினால் போதும் என்றார். திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த சிப்பின் பெயரை அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. கொஞ்சம் வீட்டுக் கம்ப்யூட்டர்களிலும் கொஞ்சம் டிவி கேம் பெட்டிகளிலும் வந்து உட்கார்ந்துவிட்டு, அதைவிடக் கெட்டிக்கார சிப்புகள் வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போன ரகம்.

அதில் நமக்கு ஒரு வசதி உண்டு. அந்தச் சிப்பாக நடிக்க ஒரு தடவை கற்றுக்கொண்டால், அது இருந்த அத்தனை மெஷின்களும் பாதி நம் கைக்கு வந்துவிடும். ஆள் ஒன்று, சட்டைதான் வேறு. மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். சாரின் புரோகிராம் ஓடி, பகா எண்களை வரிசையாகத் துப்பியது. அந்த உற்சாகத்தில், "சார், இதோட மூளையும் சின்னப் பிள்ளைங்க விளையாடுத ஒரு கேம் பெட்டியோட மூளையும் ஒண்ணுதான்" என்று உளறிவிட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முப்பது வருசமா துணி போட்டு மூடி வச்சிருக்கேன் பிள்ளே. விளையாட்டுச் சாமான்னு எங்க வீட்ல மட்டும் சொல்லிராத."

பிலோமி அக்காவின் வழக்கு

சாரின் கம்ப்யூட்டர் பேசிய கதை வெளியே போனதும், லாரன்ஸ் அண்ணனும் அவர் தங்கை பிலோமி அக்காவும் ஒன்றாக வந்தார்கள். ஒன்றாக வந்தார்களே தவிர, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றார்கள். அண்ணன் கப்பலில் எலெக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் பிளாண்டில் மேனேஜர். அவர் சத்தம் போட்டால் லாரியில் ஏற்றிய ஐஸ் தானே இறங்கி வரும் என்பார்கள்.

நாற்பது வருடத்துக்கு முன்னால் அண்ணன் ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் டிவி கேம் பெட்டி ஒன்று வாங்கிவந்திருக்கிறார். கூட ஒரே ஒரு கேசட். கடலுக்குள் குளியாள் இறங்கிச் சிப்பி பொறுக்க வேண்டும். ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு சுறா கூடும். அண்ணன் ஏழாவது ஆழத்தைத் தாண்டியதே இல்லை. அவர் கப்பலுக்குப் போயிருந்த சமயம், அக்கா ஒன்பதாவது ஆழம் வரைக்கும் போனாராம். அங்கே போனதும் சுறாக்கள் எல்லாம் தானாக மறைந்துவிட்டனவாம். கடல் முழுக்கச் சிப்பி, தடுக்க ஆள் இல்லை. அள்ளிய பாயிண்டைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார். அண்ணன் திரும்பி வருவதற்குள் உப்புக்காற்று பெட்டியைத் தின்றுவிட்டது. அதனால் அக்காவால் அண்ணனிடம் நிரூபிக்க முடியவில்லை. ஆட்டம் ஓடும்போதே கேசட்டைப் பாதி உருவினால் திரை இப்படிக் கோணல்மாணலாகப் போகும், அதைத்தான் தங்கை செய்திருக்கிறாள் என்பது அண்ணனின் தீர்ப்பு. அன்று முதல் எந்தக் கல்யாணம், ஞானஸ்நானம் என்றாலும் பந்தியில் இந்தக் கதையைச் சொல்லாமல் அவர் கை கழுவ மாட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பேரன் சர்ச்சில் முதல் தடவையாக நன்மை வாங்குகிறான்; வீட்டில் புதுநன்மை விருந்து. மருமகள் வீட்டு ஆட்கள் முதல் தடவையாக மொத்தமாக வருகிறார்கள். கேசட்டை என் மேசையில் வைத்துவிட்டு அக்கா சொன்னார்: "அவங்க முன்னாலயும் நான் கள்ளின்னு சொல்லுவான். அதுக்குள்ள மெஷினையே பேச வச்சிரு."

மெதுவாகச் செய்யும் வேலை

கேசட்டில் இருந்ததை லேப்டாப்பில் இறக்கியாயிற்று. அண்ணனின் பெட்டியிலும் சாரின் கம்ப்யூட்டரில் இருந்த அதே சிப்தான், அது ஏற்கெனவே தயார். கேம் பெட்டியின் சட்டையை மாட்டிவிட்டதும் கடல் வந்தது. குளியாளுக்கு நான்கு சதுரம்தான் உடம்பு. சுறா என்பது மூக்கு வைத்த ஒரு கட்டம். இந்த ஆட்டத்தை எழுதியவர் எந்த ஊர்க் கடலைப் பார்த்தாரோ, சிப்பிகள் கொய்யாப்பழம் மாதிரி இருந்தன.

பட்டனைத் தொட்டேன். குளியாள் இறங்கியதும் தெரியவில்லை, செத்ததும் தெரியவில்லை. லேப்டாப் தன் வேகத்துக்கு ஓடினால் அந்தக் காலத்துச் சுறாவுக்கு ஜெட் வேகம் வந்துவிடும். ஒவ்வொரு கட்டளைக்கும் பழைய சிப் எவ்வளவு நேரம் எடுத்ததோ அவ்வளவு நேரம் லேப்டாப்பைச் சும்மா உட்கார வைக்க வேண்டும். சும்மா உட்கார வைக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது. பக்கத்தில் நின்று ஒரு செல்போன் டிஸ்பிளேயை ஒட்டிக்கொண்டே பார்த்த அண்ணாச்சி சொன்னார்: "இந்தக் கடையில மெதுவா வேலை பாக்கதுக்கு இவ்வளவு பாடுபட்ட மொத ஆளு நீதாம்ளா."

போனில் ஒரு பாவசங்கீர்த்தனம்

நடுவில் கை அரித்தது. பிலோமி அக்காவின் குரல் நல்ல குரல். முதல் வார்த்தை ஆணை, இரண்டாவது வார்த்தை மிரட்டல். கடை போனை எடுத்து லாரன்ஸ் அண்ணனுக்குப் போட்டேன். "அண்ணே, பிலோமி பேசுதேன். ஐஸ் பிளாண்ட்ல ஒருத்தர் போன்ல இருந்து பேசுதேன். நாப்பது வருசம் ஆச்சு, இனி மறைச்சு என்ன. கேசட்டை உருவினது நான்தான். மன்னிச்சிரு" என்றேன். ஐஸ் பிளாண்டின் மோட்டார் இரைச்சலைக்கூட வாயாலேயே பின்னால் சேர்த்திருந்தேன். குரலில் ஒரு நூல் பிசகில்லை.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மனுஷன் அழுகிறாரோ என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் லாரன்ஸ் அண்ணன் நிதானமாகக் கேட்டார்: "ஏளா, நீ ரிப்பேர் கடைப் பிள்ளைதான? குரல் எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா என் தங்கச்சி சாகக் கெடந்தாலும் மன்னிச்சிருன்னு சொல்ல மாட்டா."

மெஷின் சொன்ன சாட்சி

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு பேரையும் கடைக்கு வரச் சொன்னேன். பிலோமி அக்கா ஜாய்ஸ்டிக்கைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நாற்பது வருடம் தொடாத கை என்று யாரும் சொல்ல முடியாது. ஐந்து, ஆறு, ஏழு என்று இறங்கிக்கொண்டே போனார். ஏழு தாண்டியபோது லாரன்ஸ் அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். எட்டும் போனது. ஒன்பதாவது ஆழம் வந்தது.

ஒன்பது சுறாவும் வந்தன. ஒன்றுகூட மறையவில்லை. குளியாளைச் சுற்றி வளைத்துச் சாவகாசமாகத் தின்றன. அக்கா மறுபடி ஆடினார், மறுபடியும் தின்றன. லாரன்ஸ் அண்ணன் சிரித்துச் சிரித்து இருமினார். "என்னளா பிலோமி, சுறா எல்லாம் எங்கன போச்சுன்ன?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "உன் மெஷின் தப்பாச் சொல்லுமா?" என்றார். கேசட்டில் இருப்பது ஒரு எழுத்து மாறாமல் ஓடுகிறது, சாரின் புரோகிராம்கள் எல்லாம் சரியாக ஓடின, அதனால் சொல்லாது என்றேன். அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அக்கா ஜாய்ஸ்டிக்கின் ஒயரைச் சுருட்டி மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்: "அப்ப நான்தான் தப்பாச் சொல்லிருக்கேன். சரி."

எட்டுக்கு மேல் கிடையாது

சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கவலையே இல்லை. அந்தச் "சரி"தான் உறுத்தியது. சனிக்கிழமை காலையில் சாத்தான்குளம் பஸ் ஏறினேன். சாமுவேல் சாரிடம் அந்தச் சிப்பின் கையேடு இருந்தது. ஜெராக்ஸ் எடுத்து ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் புகைமூட்டமாகிப்போன பிரதி. நான் எழுதியது இணையத்தில் கிடைத்த ஒரு சுருக்கத்தைப் பார்த்து. கதையைக் கேட்டதும் சார் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் பென்சிலால் 8 என்று எழுதிச் சுழித்திருந்தது.

ஒரு வேலையை நடுவில் விட்டுவிட்டு இன்னொரு வேலைக்குப் போகும்போது, திரும்பி வர வேண்டிய இடத்தைச் சிப் குறித்து வைத்துக்கொள்ளும். அந்த இரண்டாவது வேலையின் நடுவில் மூன்றாவதற்குப் போனால் அதற்கும் ஒரு குறிப்பு. இப்படி எட்டுக் குறிப்புக்குத்தான் அதற்குள் இடம். ஒன்பதாவது வந்தால் முதல் குறிப்பின் மேலேயே எழுதிவிடும். போன வழி மறந்துவிடும். நான் லேப்டாப்பில் இடத்துக்கா பஞ்சம் என்று எத்தனை குறிப்பு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளத் தாராளமாக விட்டிருந்தேன். கேசட்டுக்குள் தேடிப் பார்த்தால், ஒரு சுறாவின் வேலைக்கு நடுவில் அடுத்த சுறாவின் வேலை, அதற்கு நடுவில் அதற்கடுத்தது. ஒன்பதாவது சுறா வந்ததும் பழைய சிப் வழி தவறி, சுறா வரைகிற இடத்தைத் தாண்டிப்போய் விழும். சுறாவும் இல்லை, கடிக்கவும் ஆள் இல்லை. சாரின் புரோகிராம்கள் சரியாக ஓடியதற்கும் காரணம் இருந்தது. அவர் ஒரு தடவை பட்டுவிட்டு, அதற்கப்புறம் எட்டைத் தாண்டியதே இல்லை. "சிப்ல இப்படி ஒரு தப்பு இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே சார்" என்றேன். சார் ஜெராக்ஸை உறையில் போட்டு என் கையில் கொடுத்தார்: "அது தப்பு இல்ல பிள்ளே, அதுக்கு ஞாபகம் அவ்வளவுதான்."

புதுநன்மை விருந்து

மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை பந்தி முடிந்து, லாரன்ஸ் அண்ணன் வீட்டு ஹாலில் பெரிய டிவியில் மாட்டினேன். மருமகள் வீட்டார் பாயாசக் கப்போடு சுற்றி நின்றார்கள். அக்கா முதலில் வர மாட்டேன் என்றார். "நான் தப்பாச் சொல்லிட்டேங்க்கா, மெஷின் இல்ல, நான்" என்று சொன்ன பிறகுதான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒன்பதாவது ஆழத்தில் ஒன்பதாவது சுறா மூக்கை நீட்டியது. அடுத்த நொடி திரையில் ஒரு சுறாகூட இல்லை. அக்கா சிப்பி பொறுக்க ஆரம்பித்துவிட்டார்.

லாரன்ஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை தின்ன சுறா ஞாயித்துக்கிழமை எங்களா போச்சு? என் வீட்டுக்கே அவ குரல்ல போன் போட்ட பிள்ளை நீ. ரெண்டு பேரும் சேந்து மாத்திட்டிய" என்றார். கூட்டத்தில் சிரிப்பு. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என்னை நானே நம்ப மாட்டேன். குரல் எதையும் எடுக்காமல், என் சொந்தக் குரலிலேயே, "என்னை நம்பாண்டாம், இதப் பாருங்க. சுறாவுக்கு ஒரு குறிப்பு, எட்டுக்கு மேல இந்தச் சிப்புக்கு ஞாபகம் நிக்காது" என்று சொல்லிச் சாரின் கையேட்டை நீட்டினேன். கப்பலில் முப்பது வருடம் கையேட்டைப் பார்த்தே ஒயர் தொட்ட மனுஷன். ஜன்னல் பக்கம் போய் நின்று அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். ஒவ்வொரு சுறாவுக்கும் ஒரு விரல் மடக்கினார். எட்டு வரை மடக்கி, ஒன்பதாவது விரலில் நின்றார். அப்புறம் மருமகளின் அப்பாவைக் கூப்பிட்டு, "ஒரு விசயம், என் தங்கச்சி ஒம்பதாவது ஆழத்துக்குப் போயிருக்கா. கேசட்டை உருவல" என்று கதையை நேராக்கிச் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த வீட்டில் யார் வாயிலும் வராது போலிருக்கிறது. பிலோமி அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "கூடப் பொறந்தவ நாப்பது வருசமாச் சொல்லுதேன், நம்பல, ஜெராக்ஸ் சொன்னதும் நம்பிட்டான்."

ஆக, தோழர்களே, அந்தச் சிப்பின் புத்தியை மூன்று வாரத்தில் எழுதிவிட்ட எனக்கு, அதன் மறதியை எழுத ஒரு குடும்பத்தின் விருந்தையே பணயம் வைக்க வேண்டியிருந்தது.