சோறு தின்றதும் வந்த வலி

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கச் சேர்ந்த புதிதில், மத்தியானச் சோறு உள்ளே போனால் போதும், எனக்கு முதுகு பிளந்துவிடும். வாய்வு என்று நினைத்து இஞ்சி தட்டிக் குடித்தேன், கேட்கவில்லை. சோற்றைப் பாதியாகக் குறைத்தேன். வலி அப்படியே இருந்தது, பசிதான் கூடியது.

யாரிடம் போய்ச் சொல்வது? என்னைக் கூட்டி வந்த புருஷன் வந்த மாதமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மலையில் மற்றப் பெண்களெல்லாம் ஒரே ஊர்க்காரிகள். சாப்பாட்டு நேரத்தில் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு, வட்டமாக உட்கார்ந்து சிரித்துப் பேசுவார்கள். எழும்போது ஒருத்தி கூடையை இன்னொருத்தி தூக்கி விடுவாள். கொழுந்து நிறைந்த கூடையைத் தனியாளாக முதுகில் ஏற்ற முடியாது. எனக்குத் தூக்கிவிட ஆளில்லை. அதனால் இறக்கவே மாட்டேன். தலையில் மாட்டிய கூடைக் கயிறு பின்னால் இழுக்க, தூரமாய்க் குந்தி, குனிந்தபடியே சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்வேன்.

ஒருநாள் முதுகுப் பாரம் திடீரென்று லேசானது. திரும்பினால், அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என் கூடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இத எறக்கி வச்சிட்டுத் தின்னா என்னா புள்ள?"

"மறுபடி ஏத்திவிட ஆளில்லையேக்கா."

"அப்ப நாங்கள்லாம் யாரு? வாயத் தொறந்து கேட்டா கொறஞ்சா போயிருவ?" என்று அதட்டி, என்னை வட்டத்துக்குள் இழுத்து உட்கார வைத்தாள்.

அன்று வயிறு நிறையத் தின்றேன். முதுகு வலிக்கவேயில்லை. அழுகைதான் வந்தது.

இப்போதும் சாப்பிட்டால் முதுகு நோகிறது என்று எங்கள் லயத்து வீடுகளில் யாராவது சொன்னால், என்ன தின்றாய் என்று நான் கேட்பதில்லை. யாரோடு உட்கார்ந்து தின்றாய் என்றுதான் கேட்கிறேன்.