சாலியின் கம்பிச் சட்டம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை வார்டு வாசலில் நின்று கைகழுவிக் கொண்டிருந்தபோது சாலியின் மைத்துனர் வந்தார். கையில் ஒரு பெரிய காகித உறை. "மச்சான் மௌத்தாகிட்டாரு டொக்டர். நேத்து அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கிட்டம்," என்றார். ஏன் எனக்கு ஆள் அனுப்பவில்லை என்று அந்த மனிதரோடு சண்டைக்கே போய்விட்டேன். திங்கட்கிழமை எனக்கு ஆப்பரேசன் நாள், கை நடுங்கக்கூடாது, சொல்ல வேண்டாம் என்று சாலியே தடுத்து வைத்தாராம். சாகக் கிடந்தவருக்கு என் கையைப் பற்றித்தான் கவலை.

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: கொட்டாஞ்சேனைச் சாலி, எக்ஸ்ரே படம் பிடிப்பவர். இடுப்பு எலும்பு முறிந்தவர்களுக்கு வெளிப்பக்கத்திலிருந்து துளைத்து ஆணி இறக்குவது அப்போதுதான் எங்களுக்குப் புதிது. உள்ளே எலும்பின் தலை எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. குத்துமதிப்பாகத்தான் துளைத்தோம். ஒருநாள் சாலி தகரக்காரர் ஒருவரிடம் செய்வித்த பித்தளைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டப்பட்டிருந்தன. நோயாளியின் தொடைச்சந்தில் அதை வைத்துப் படம் எடுத்தால், எலும்பின் தலை எந்தக் கட்டத்தின் கீழே இருக்கிறது என்று படத்திலேயே தெரியும். துளைக்க ஒரு குறி கிடைத்தது. ஆப்பரேசன் தியேட்டரில் எல்லோரும் அதைக் கோழிக்கூடு என்றார்கள். நானும் சிரித்தவன்தான்.

அதோடு அவர் விடவில்லை. பக்கவாட்டில் இரண்டாவது மெசினை நிறுத்தி, காலை அசைக்காமல் இன்னொரு படமும் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். உலக யுத்த காலத்தில் படத்தாளுக்குப் பெரும் தட்டுப்பாடு. எங்கள் தலைமைச் சத்திரசிகிச்சை நிபுணரான வெள்ளைக்காரத் துரை முகம் சுளித்தார். சாலி அவருக்குத் தன் அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு, என்னிடம் திரும்பித் தமிழில் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "முன்னுக்கு இருந்து பாத்தா எல்லாம் நேராத்தான் தெரியும் டொக்டர்."

இனி நான் சொல்லவேண்டிய இடத்துக்கு வருகிறேன். இடியப்பம் அவித்து விற்கும் மேரி என்ற பெண் கோயில் படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு வந்தாள். ஆணிக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பியைத் துளைத்து ஏற்றினேன். முன்பக்கப் படம் வந்தது. கம்பி சரியான கட்டத்தில், அச்சாக நின்றது. பக்கவாட்டுப் படத்தைக் கழுவச் சாலி இருட்டறைக்குள் போயிருந்தார். ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஆணியை அடித்து இறக்கினேன். சொட்டச் சொட்ட ஈரப் படத்தோடு சாலி வெளியே வந்தபோது நான் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். படத்தை ஒருக்கா பார்க்கச் சொன்னார். பிறகு பார்ப்போம் என்றேன். பார்க்கவில்லை.

மேரிக்கு நோவு குறையவில்லை. மறுபடி படம் எடுத்தபோது ஆணி எலும்பின் பின்பக்கமாக வெளியே போயிருந்தது. அவள் இன்றைக்கும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறாள். துரை விசாரித்தார். படத்தில் சரியாக இருந்தது என்றேன். முன்பக்கப் படத்தைப் பொறுத்தமட்டில் அது பொய்யல்ல, அதனால்தான் இன்னும் கேவலம். பக்கவாட்டுப் படம் எங்கே என்று துரை சாலியைக் கேட்டார். இருட்டறையில் பழுதாகிவிட்டது என்று சாலி தலைகுனிந்து சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றோடு அவரைத் தியேட்டரிலிருந்து நீக்கி, வெளிநோயாளிகளுக்கு நெஞ்சுப் படம் எடுக்கப் போட்டார்கள். கவனமில்லாதவர் என்று பெயரும் வந்தது.

ஒரு கிழமை கழித்துத்தான் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வந்தது. ஏன் அப்படிச் சொன்னனீங்கள் என்று கேட்டேன். கோபமே இல்லாமல் சொன்னார்: "ஒங்கள நிப்பாட்டிட்டா அந்தக் கோழிக்கூட்ட யாரு டொக்டர் பாவிப்பாங்க?"

நான் அதை எடுத்துப் பாவிக்கவில்லை. வெட்கம். அந்தச் சட்டத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். துரை கப்பலேறிப் போன பிறகும், படத்தாள் தாராளமாக வந்த பிறகும், அது சாமான் அறையில் பழைய பேசின்களுக்கு அடியில் கிடந்தது. நான் பழையபடி குத்துமதிப்பாகவே துளைத்தேன். தாழ்வாரத்தில் எதிர்ப்படும்போதெல்லாம் சாலி, கூடு சுகமா என்று கேட்பார். ஓம் என்பேன். நடுங்கும் நோயாளிகளைப் படத்துக்காகத் தானே பிடித்துப் பிடித்து, எக்ஸ்ரே கதிர் பட்டு அவர் விரல்களில் ஆறாத புண் வந்திருந்தது. அதையும் கண்டேன். மருந்து எழுதிக் கொடுத்ததோடு சரி. பிறகு அது புற்றாகி அக்குளில் கட்டி வந்தது. அதுதான் அவரைக் கொண்டுபோனது.

மைத்துனர் தந்த உறையை வெள்ளவத்தை வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன். உள்ளே மேரியின் பக்கவாட்டுப் படம். ஒரு கீறல் கூட இல்லை. கம்பி எலும்பின் பின்பக்கம் வெளியே நிற்பது யாருக்கும் தெரியும். இதை எடுத்து நீட்டியிருந்தால் அன்றே அவர் தப்பியிருப்பார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.

அவரைக் கவனமில்லாதவர் என்று நம்பியவர்களே, படம் பழுதாகவில்லை. பிழை என்னுடையது. இதையே ஆஸ்பத்திரி மேலதிகாரிக்கு எழுதி, படத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். மேரியின் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் கதவைச் சாத்தவில்லை.

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சட்டம்தான். புளி போட்டு விளக்கி நேற்றுத் தியேட்டருக்குக் கொண்டுபோனேன். ஒரு கிழவரின் இடுப்பு. முன்பக்கப் படம் அச்சாக இருந்தது. துளைக்கும் கருவியைத் தட்டில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, இருட்டறைக் கதவைப் பார்த்தபடி நின்றேன். ஐந்து நிமிடம். சாலி அன்று என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.