மலைக்குப் போன சோற்றுப் பார்சல்

மகளுடைய சப்பாத்துகள் வாசலில் கிடக்கின்றன. மலை ஏறுவதற்கென்றே செய்தவையாம். ஞாயிற்றுக்கிழமை விடியப் போனவள் பின்னேரம் வந்து கழற்றி எறிந்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். ஓரமாக எடுத்து வைப்போம் என்று குனிந்தேன். நாடா முழுக்க ஒட்டுப்புல். வெயிலில் காய்ந்த புல்லின் மணமும், ஓமம் மாதிரி ஏதோ ஒரு காட்டுச் செடியின் மணமும் குப்பென்று வந்தன. அப்படியே வாசலில் குந்திவிட்டேன். இந்த மணத்தை நான் முன்பு ஒரு காலத்தில் இவருடைய காலுறையில் பிடித்திருக்கிறேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர்.

"ஆரோடை போனனீ?" என்று குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"சிநேகிதியளோடை அம்மா. தெரெக்கிங். பஸ்தா!"

அந்தப் ‘பஸ்தா’வுக்கு இனிமேல் கேட்காதே என்று அர்த்தம். இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் பிறந்த பிள்ளைகளுக்கு முதலில் வருகிற சொல்லே அதுதான். கேட்காமல் விடுகிற ஆளா நான்? சப்பாத்தை உதறிப் பார்த்தேன். மண்ணும் புல்லும்தான் விழுந்தன.

சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம் என்று இவர் சொல்லுவார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தொண்ணூறுகளில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்களில் யாருக்குத்தான் சந்தேகம் இல்லை, சொல்லுங்கள்? தொப்பி போட்ட தபால்காரனைக் கண்டாலும் சட்டைக்குள் இருக்கும் பெர்மெஸ்ஸோவைத் தொட்டுப் பார்த்துக்கொள்வோம். இந்த நாட்டில் இருக்கலாம் என்று எழுதிய அந்த ஒரு கடதாசிதான் எங்கள் உயிர். லிபெர்த்தா வீதியில் நான் வேலைக்குப் போன வீட்டு சிஞ்ஞோரா என்னை நம்பாமல் வெள்ளிப் பாத்திர அலுமாரியைப் பூட்டி வைப்பா. ஒருநாள் பூட்டாமல் விட்டுவிட்டா. எனக்குப் பயம் இன்னும் கூடிவிட்டது. என்னத்துக்கோ பொறி வைக்கிறா என்று நினைத்து அந்த அலுமாரியை மட்டும் தூசி தட்டாமல் விட்டேன். பிறகு, தூசி தட்டவில்லை என்று பேச்சு விழுந்தது.

அப்போது நாங்கள் போர்கோ வெக்கியோப் பகுதியில் இருந்தோம். மூன்று குடும்பங்களுக்கு ஒரு வீடு, ஒரு குசினி, ஒரு குளியலறை. ஒருத்தர் தும்மினால் மற்ற இரண்டு குடும்பமும் இஞ்சியும் கொத்தமல்லியும் கொண்டு ஓடிவரும். அப்படியான வீட்டில் ஒரு இரகசியத்தை எப்படி வைத்திருக்க முடியும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஊரோ அப்போது ஊராக இல்லை. யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் ஓடி வன்னிக் காட்டுக்குள் தறப்பாளுக்குக் கீழே கிடந்த காலம். என் அப்பாவும் அம்மாவும் அங்கேதான். அவர்களோடு கதைக்க வழியே இல்லை. கொழும்புக்கு வந்து சேருகிற யாராவது பல்லரோ சந்தைக்குப் பக்கத்துக் கடைக்கு ஒரு கோல் எடுத்துச் சொன்னால்தான் சேதி. கடைக்குப் போய்க் கேட்டு வருவது இவருடைய வேலை. எனக்கு அப்போது நிறைமாதம்.

வசந்தகாலத்தில் மகள் பிறந்தாள். அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. இவள் முதல் பேத்தி. மூன்றாம் மாதம் படம் எடுத்தோம். மஞ்சள் சட்டை, கன்னத்தில் கண்ணூறு படாமல் நான் வைத்த பெரிய கறுப்புப் பொட்டு. அப்பாவுக்கு எப்படியாவது அனுப்புங்கோ என்று இவரிடம் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார். அதுவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அப்பாவுக்கும் இவருக்கும் ஆகாது. கலியாணப் பேச்சு நடந்தபோது அப்பா இவரைப் பற்றி ஏதோ சொல்ல, அது இவருடைய காதுக்கு வந்து, அன்றையிலிருந்து ‘உம்மட அப்பர்’ என்பதைத் தவிர வேறு மரியாதை கிடையாது. அப்படிப்பட்டவர் முணுமுணுக்காமல் வாங்குகிறார் என்றால்?

அதற்குப் பிறகுதான் இந்தச் சோற்றுப் பார்சல் விஷயம் கண்ணில் பட்டது.

எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுத் தராத மனுசன். கேத்தில் எந்தப் பக்கம் என்று கேட்பார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பிக் குளித்துவிட்டுக் குசினிக்குள் நின்று கத்தரிக்காய் வெட்டுகிறார்! சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி. மீன், இறைச்சி, ஒரு மச்சமும் இல்லை. எல்லாவற்றையும் ஒரு சட்டிக்குள் போட்டுத் துணியால் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஒரு வாய் வைக்கவில்லை. பின்னேரம் வெறும் சட்டியோடு வந்தார். காலுறை முழுக்க ஒட்டுப்புல், அந்த மணம். அடுத்த மாதமும் அப்படியே ஒரு ஞாயிறு.

"எங்கை போனனீங்கள்?"

"மலைக்கு."

"மலையில என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை. சும்மா காத்து வாங்கப் போனனான்."

சாந்தா ரொசாலியா மலைக்குப் போனேன் என்றால் நம்பியிருப்பேன். அங்கே கோயில் இருக்கிறது, எங்கள் சனம் நேர்த்தி வைத்து நடந்து போகிறது. இவர் கையைக் காட்டியதோ நகரத்துக்கு மற்றப் பக்கத்து மலை. கோயிலும் இல்லை, குளமும் இல்லை. மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்தர், ஒன்றுமே இல்லாத மலைக்குச் சோறு கட்டிக்கொண்டு போய், வெறும் சட்டியோடு வருகிறார் என்றால் அந்தச் சோற்றைத் தின்றது யார்? நீங்களே சொல்லுங்கள். ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். மச்சம் சாப்பிடாதவள் என்பது வரைக்கும் கண்டுபிடித்துவிட்டேன்.

வெளியே சிரிப்பாகச் சொல்கிறேன். அப்போது இரவில் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது இதே நினைப்புத்தான். இந்த மனுசன் கைவிட்டுப் போனால் நான் எங்கே போவேன்? திரும்பிப் போக வீடு இல்லை. காட்டுக்குள் கிடக்கிற அப்பாவிடம், நீங்கள் அன்றைக்குச் சொன்னது சரி என்று எந்த வாயால் சொல்லுவேன்?

குசினியில் மற்றப் பெண்களிடம் சாடையாகக் கேட்டேன். ஒருத்தி மிளகாயைக் கிளறிக்கொண்டு, "எனக்குத் தெரியாதப்பா" என்றாள். மற்றவள் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வெளியே போய்விட்டாள். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஓகோ, வீட்டுக்கே தெரிந்த கதை, எனக்குத்தான் தெரியாது என்று இன்னும் எரிந்தேன்.

துணைக்கு வந்தவள் மாலினி ஒருத்திதான். கீழ்த்தட்டில் இருந்த மொரிசியஸ்காரி. அவளுடைய முப்பாட்டன் தமிழாம். அவளுக்கு ‘வணக்கம்’ மட்டும் வரும். நாங்கள் இத்தாலியனில்தான் கதைப்போம். நான் சொல்ல அவள் கண்ணை உருட்டிக்கொண்டு கேட்டாள். அந்த மலையடிக்குப் போகிற பாய்தா பஸ்ஸில் இவர் ஏறக் கண்டதாகச் சொன்னவளும் அவள்தான். "போ. பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன். போய்க் கையும் களவுமாகப் பிடி" என்று பால்மாப் பேணியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த தரம் இவர் சட்டியோடு வெளிக்கிட்டதும் நான் அடுத்த பஸ் பிடித்தேன். பாய்தாவில் இறங்கினால் வீடுகள் முடிந்து ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை. முதலில் எலுமிச்சைத் தோட்டங்கள், பிறகு பைன் மரங்கள், பிறகு வெறும் கல். வெயில் மண்டையைப் பிளந்தது. காலில் வீட்டுச் செருப்பு. கல் உருள, நான் உருள, பிள்ளை பெற்ற இடுப்பு ‘என்னை விட்டுவிடு’ என்று கெஞ்ச, திட்டித் திட்டி ஏறினேன். உண்மையில் அந்தக் கோபம்தான் என்னை ஏற்றியது.

பாதி வழியில் தடி ஊன்றிக்கொண்டு இறங்கி வந்த ஓர் இத்தாலியப் புருசன் பெண்சாதி, "போன்ஜோர்னோ!" என்று சிரித்தார்கள். சந்தையில் முகம் பார்க்காத சனம் மலையில் ஏன் சிரிக்கிறது என்று யோசித்தேன். அந்த மனுசி என் பொட்டைப் பார்த்துவிட்டு, "உன் கணவர் மேலே போய்விட்டார், சால்வோவிடம்" என்றாள். இந்த மலைக்கே இவரைத் தெரிந்திருக்கிறது. சால்வோ என்பது ஆம்பிளைப் பெயர். அப்படியென்றால் பொம்பிளை இல்லை. வேறு ஏதோ வில்லங்கம்.

உச்சியில் ஒரு கல்வீடு. ஒற்றை அறை, நாலு பக்கமும் ஜன்னல், கூரையில் அன்ரெனா. வாசலில் பச்சை உடுப்புப் போட்ட ஒருவன், கழுத்தில் தூரக்கண்ணாடி, இடுப்பில் வோக்கிடோக்கி. ஊரில் ஆமிக்காரன் காவலிருக்கிற இடம் மாதிரியே இருந்தது. இப்படி ஓர் இடத்தைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு நடக்கப் பழகியவர்கள் நாங்கள். கை தன்பாட்டில் சட்டைக்குள் இருந்த பெர்மெஸ்ஸோவைத் தொட்டது. அவனோ என் கைப்பையைத்தான் பார்த்தான். "தீப்பெட்டி இருக்கிறதா, சிஞ்ஞோரா?" என்று கேட்டான். அப்போதுதான் சுவரில் எழுதியிருந்ததைப் படித்தேன். காட்டுத்தீ பார்க்கிற இடமாம். கோடைகாலம் முழுக்க அங்கேயிருந்து, எங்கே புகை எழும்புகிறது என்று பார்த்துக் கீழே சொல்லுவது அவன் வேலை.

இல்லை என்று கையை விரித்தேன். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் தந்தான். குடிக்கும்போது சுவரைப் பார்த்தேன். ஒரு பெரிய வரைபடம், ஒரு புனிதரின் படம். இரண்டுக்கும் நடுவே என் பிள்ளை.

மஞ்சள் சட்டை. கன்னத்தில் நான் வைத்த பொட்டு.

பிள்ளை இல்லாத இத்தாலியருக்குப் பிள்ளை பிடித்துக் கொடுக்கிறார்கள் என்று ஒரு கதை அந்த நாளில் எங்களுக்குள் உலாவியது. கடவுளே, என்ர பிள்ளையைக் காட்டி விலை பேசுகிறாரோ! "இந்தப் படம் இங்கே எப்படி வந்தது?" என்று கத்தினேன்.

சால்வோ பயந்துபோனான். "தாத்தாவுக்கு, சிஞ்ஞோரா. உங்கள் கணவர் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தார். காற்று அடித்துக்கொண்டு போகப் பார்த்தது. அதனால் நான் எடுத்து இங்கே குத்தி வைத்தேன்."

"எந்தத் தாத்தா?"

"உங்கள் அப்பா" என்று தொப்பியைக் கழற்றினான். "இறந்துபோன உங்கள் அப்பா."

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான். எனக்குத் தெரியாது என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பின்பக்கத்துப் பாறையிலிருந்து இவர் வெறும் சட்டியோடு வந்தார். என்னைக் கண்டதும் சட்டியை நிலத்தில் வைத்தார்.

"எப்ப?" என்று கேட்டேன்.

"நீர் ஆசுப்பத்திரிக்குப் போறதுக்கு முதல் கிழமை. காய்ச்சல். மருந்து கிடைக்கேல்லையாம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"பிள்ளைத்தாச்சிக்குச் சொல்லக் கூடாதெண்டு எல்லாரும் சொல்லிச்சினம். பிறகு, பால் வத்திப்போமெண்டு சொல்லிச்சினம்."

விடியப் பால் கொடுத்துவிட்டு வந்தவள் நான். மார்பு கட்டி, சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்து ஒட்டிப் போயிருந்தது. இவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அழத் தொடங்கினார்.

"அதுக்கு இந்தக் கோதாரி விழுந்த மலைக்கு ஏன் வாறியள்?"

"கீழை எங்கை காகம்? முழுக்கப் புறா. உம்மட அப்பருக்கு ஆம்பிளைப் பிள்ளையும் இல்லை. ஞாயிறுதான் எனக்கு லீவு, அதுதான் திதி. அந்த மனுசனுக்குப் படைச்சதைப் புறாவுக்கு வைக்கேலுமே?"

பாறைப் பக்கம் பார்த்தேன். சாம்பல் உடம்பும் கறுத்த தலையுமாக இரண்டு, கல்லில் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தன. இதுகள் காகம்தானோ என்று முதல் நாள் தனக்கே சந்தேகமாக இருந்ததாம். கற்பூரம் கொளுத்தத் தீப்பெட்டியை எடுத்தபோது, காட்டுக்கு நெருப்பு வைக்க வந்தவன் என்று நினைத்துச் சால்வோ ஓடிவந்து கையைப் பிடித்து முறுக்கினானாம். இதையெல்லாம் பிறகு பஸ்ஸில் சொன்னார். அப்போது கேட்கிற நிலையில் நான் இல்லை. இரண்டு கையாலும் இவருடைய நெஞ்சில் குத்தினேன். குத்திக் குத்திக் களைத்து, அதே நெஞ்சில் விழுந்து, ‘என்ர அப்பு, என்ர ஐயா’ என்று வாய்விட்டுக் கத்தினேன். போர்கோ வெக்கியோ வீட்டில் கொஞ்சம் உரத்துக் கதைத்தாலே மேல்மாடிக்காரி தும்புத்தடியால் தரையை இடிப்பா. இங்கே எனக்கு மேலே வானம்தான்.

வோக்கி கரகரத்தது. கீழேயிருந்து யாரோ, அங்கே என்ன சத்தம் என்று கேட்டான். சால்வோ வாசலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, "துத்தோ அ போஸ்தோ" என்றான். எல்லாம் ஒழுங்கு. "காற்றுத்தான்." அன்றைக்கு அந்த மலையில் ஒரு புல்லும் அசையவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது குசினியில் எல்லோரும் எழும்பி நின்றார்கள். என் முகத்தைக் கண்டதுமே தெரிந்துவிட்டது. ஒருத்தி அழுதாள், அவள் அந்த அழுகையை எத்தனை நாளாக வைத்திருந்தாளோ. மாலினி மட்டும் ஒன்றும் விளங்காமல் பிள்ளையை நீட்டிக்கொண்டு நின்றாள். எங்கள் பாஷை தெரியாததால் அந்த இரகசியம் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அதனால்தான் அவள் என்னை மலைக்கு அனுப்பினாள். பால் வற்றவில்லை. மகள் இரண்டு வயது வரைக்கும் குடித்தாள்.

மகள் இன்றைக்கு ஏறியதும் அதே மலைதான்; அந்தக் கல்வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறதாம். புகை பார்க்கக் கமெரா வந்துவிட்டது என்று மகள் சாப்பிடும்போது சொன்னாள். சால்வோ எங்கே என்று யாருக்கும் தெரியாது. மாலினி மொரிசியசுக்கே திரும்பிவிட்டாள். போர்கோ வெக்கியோ வீட்டில் இருந்தவர்கள் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். இவருக்கு முழங்கால் நோ, மாடிப்படியே ஏறமாட்டார்.

போன வருடம் அம்மா போய்ச் சேர்ந்தா. நான் சிஞ்ஞோரா வீட்டில் இஸ்திரிப் பெட்டியால் சட்டை மினுக்கிக்கொண்டு நின்றேன். பைக்குள் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தால் அம்மாவின் முகம், மூக்கில் பஞ்சு. யார் அனுப்பினது என்றுகூடத் தெரியாத ஒரு நம்பர். இவர் சேதி கேட்டு ஓடி வருவதற்கு முன்பே நான் எல்லாவற்றையும் பார்த்து முடித்திருந்தேன்.

எனக்கு மறைத்தார்களே என்ற கோபம் இன்னும் போகவில்லை. இன்றைக்கும் சண்டை வந்தால் அதைத்தான் முதலில் எடுப்பேன். ஆனால் அம்மா எனக்கு ஒரு நொடியில் இல்லாமல் போனா. அப்பாவோ, செத்த பிறகும் ஒரு கோடைகாலம் முழுக்க எனக்கு உயிரோடு இருந்தார். பேத்தியின் படம் கிடைத்திருக்குமோ, பார்த்துச் சிரித்திருப்பாரோ என்று நான் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.