இரண்டு சிறு ஊதல்

ராயபுரம் வேலப்பனுக்குச் சாப்பாட்டின் மேல் ஒரே ஒரு குறை. வாயில் சோறு இருக்கும்போது மவுத் ஆர்கன் ஊத முடியவில்லையே என்பதுதான் அது. அந்த மவுத் ஆர்கன், ஜெர்மன் மாலுமி ஒருவனிடம் இரண்டு கட்டுச் சுருட்டுக் கொடுத்து வாங்கியது. காய்ச்சல் பார்க்க வந்த வைத்தியர் நாக்கை நீட்டச் சொன்னபோது, பாட்டு முடியட்டும் என்று கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார் வேலப்பன். புருஷனுக்கு ஒரு பல்வலியாவது கொடு என்று கெங்கம்மா சாமியிடம் கேட்டதாகத் தெருவில் பேச்சு.

துறைமுகத்தில் அவருக்கு விசில் வேலை. கப்பலில் பளு தூக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டும் லட்சுமணனுக்கு, தான் தூக்கும் சரக்கு கண்ணில் படாது. வேலப்பனின் விசிலை நம்பித்தான் ஓட்டுவான். நீளமாக ஒன்று ஊதினால் தூக்க வேண்டும், சின்னதாக இரண்டு ஊதினால் இறக்க வேண்டும். எட்டு வருஷம் தப்பில்லாமல் ஓடியது.

ஒரு நாள் விசிலுக்குப் பதில் மவுத் ஆர்கனை எடுத்தார். லட்சுமணனும் சிரித்துக்கொண்டே வேலை செய்தான். விளக்குக் கண்ணாடிப் பெட்டி கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தொங்கியபோது நீளமாக ஒன்று ஊதினார். அது அத்தனை அழகாக வந்துவிட்டது. அப்படியே விட மனம் வராமல், முடிவில் இரண்டு சின்னச் சுரங்களை ஒட்டினார். பெட்டி நிதானமாகக் கடலுக்குள் இறங்கியது.

விசாரித்த துரையிடம், தான் ஊதியது ஒன்றுதான் என்றார் வேலப்பன். மவுத் ஆர்கனைப் பற்றி லட்சுமணன் வாயே திறக்கவில்லை. அவன் சீட்டுத்தான் கிழிந்தது.

அவன் சண்டைக்கு வந்திருந்தாலாவது தேவலை. வேலப்பன் மாமு பொய் சொல்ல மாட்டார், தன் காதுதான் கெட்டுப்போயிற்று என்று நம்பிவிட்டான். வேறு கப்பலில் வின்ச் வேலை கூப்பிட்டும் பயந்துபோய் மூட்டை சுமந்தான். அவன் மனைவி குப்பம்மா தினமும் பூண்டெண்ணெய் காய்ச்சிக் காதில் விட்டாள்.

வேலப்பனுக்குத் தூக்கம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உண்மையைச் சொல்லியே தீருவதென்று அவன் வீட்டுக்குப் போனார். லட்சுமணன் காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"மாமு, அங்க நின்னுகினு மெல்ல ஊது. காது எப்டி கீதுன்னு பாப்போம்."

சொல்ல வந்தவர் ஊதினார்.

"ஒண்ணு," என்றான். இன்னும் மெல்ல ஊதினார். "இப்போ ரெண்டு."

எத்தனை முறை மாற்றி ஊதியும் அவன் ஒன்றைக்கூடத் தப்பவிடவில்லை. பிறகு மெதுவாகத் திரும்பினான்.

"எல்லாம் நல்லாத்தான் கேக்குது. அப்போ அன்னிக்கு இன்னா மாமு ஆச்சு?"

குப்பம்மா எண்ணெய்க் கரண்டியோடு நின்றாள். வேலப்பன் மவுத் ஆர்கனை வேட்டியில் துடைத்தார். பிறகு, தமக்குத் தெரிந்ததிலேயே நீளமான பாட்டை எடுத்து, அது முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டு ஊத ஆரம்பித்தார்.