பதினோராவது குழி

காலை ஐந்து நாற்பதுக்கு டாலிகஞ்ச் குடியிருப்பின் வாயிலில் மஞ்சள் டாக்சி வந்து நின்றது. சாந்த்ராகாச்சிக்குச் சென்று, காத்திருந்து, திரும்புவதற்கு எண்ணூறு ரூபாய். தொலைவு ஒரு வழிக்கு ஏறத்தாழப் பதினைந்து கிலோமீட்டர். நான் திருச்சியிலிருந்து தங்கை அல்லியின் வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அவள் கணவர் வரதராசன், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கூடையும் காய்கறிக் கத்தியுமாக ஏறினார்.

"மழை பேஞ்சா ஒங்க திருச்சியில கொசுதான் மச்சான். இங்க விருந்தே மொளைக்கும்!"

ஆறரை மணிக்கு அங்கே ரயில்கள் நிற்கும் இருப்புப்பாதை முற்றத்தின் பின்புறப் புதர்க்காட்டில் நின்றோம். கறையான் புற்றொன்றைச் சுற்றி வெண்குடைகள் விரிந்திருந்தன. இளமையில் திண்டுக்கல்லில் தாம் உண்ட அதே காளான் என்று வரதராசன் உறுதி கூறினார். மண் ஒட்டினால் அல்லி கடிந்துகொள்வாள் என்று, ஒவ்வொன்றையும் தரைக்கு மேலாகத் தூய்மையாக அறுத்தார். பதினொன்று கிடைத்தன.

திரும்பும் வழியில், ஆற்றுப் பாலத்துக்கு முன் வண்டி நின்றபோது, ஓட்டுநர் நிமாய் கூடையை எட்டிப் பார்த்தார். பாங்குரா மாவட்டத்துக்காரர்.

"ஷிகொர் கோய், காகு?"

வேர் எங்கே என்று கேட்பதாக வரதராசன் மொழிபெயர்த்தார். புற்றுக் காளானுக்கு ஒரு சாண் வேர் மண்ணுக்குள் இறங்கியிருக்குமாம். வேரின்றி, அடியில் முட்டையோடு போன்ற கிண்ணம் இருந்தால் அது ஆளைக் கொல்லுமாம். ஆகவே அவர்கள் ஊரில் தோண்டித்தான் எடுப்பார்களாம்.

"இவன் கெடக்கான் மச்சான். நான் பாத்து வளந்த காளான் இது" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

கூடைக்குள் பார்த்தேன். பதினொன்றும் அடியின்றி வெண்மையாகக் கிடந்தன. எனக்கு அச்சம் வந்தது அப்போதுதான். ஆயினும் விருந்தினனாக வந்த இடத்தில் மாப்பிள்ளையை மறுத்துப் பேச நாவெழவில்லை. அந்த மௌனத்தை ஒளிக்காமல் எழுதவேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையைத் தொடங்கினேன்.

ஒன்பதே முக்கால். அடுக்களையிலிருந்து சின்ன வெங்காயமும் மிளகும் வதங்கும் மணம் வந்தது. தட்டுகள் வைக்கப்பட்ட பின்னரே எனக்குத் துணிவு வந்தது.

"அல்லி, அதக் கொட்டிடும்மா."

"ஏண்ணே? உப்புப் பாக்க நாலு துண்டு தின்னேனே. நல்லாத்தான் இருக்கு."

வரதராசன் கையிலிருந்த தட்டு மேசைமேல் விழுந்தது.

மருத்துவமனையில் இருந்த இளம் மருத்துவர் பதற்றமின்றிப் பேசினார். அதுவே என்னை மேலும் அச்சுறுத்தியது. கொடிய காளான் அரைநாள்வரை ஒன்றும் காட்டாதாம். பிறகுதான் ஈரலைப் பற்றுமாம். அடியோடு கூடிய காளான் இருந்தால் கொண்டுவருமாறு சொன்னார். காளான் துண்டு துண்டாக வாணலியில் இருந்தது. அடியோ சாந்த்ராகாச்சி மண்ணில் இருந்தது. மாப்பிள்ளை அல்லியின் கையை விடவில்லை. நான் வீட்டுக்கு விரைந்து தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு, டாக்சிகள் நிற்கும் தெருமுனையில் நிமாயைத் தேடிப் பிடித்தேன். அவர் இம்முறை கட்டணம் பேசவில்லை.

நண்பகல் பன்னிரண்டரை. புற்றருகே மண்டியிட்டுத் தோண்டினேன். முள்ளங்கி வால்போல நீண்ட வேர் ஒன்று வந்தது, அடுத்ததும் அவ்வாறே. நிமாய் விரல் மடக்கி எண்ணினார். அறுபட்ட பத்துத் தண்டுகளுக்கும் பத்து வேர்கள். பதினோராவது தண்டு மட்டும் புற்றைவிட்டுச் சற்று விலகி இருந்தது. திருப்பியை நெம்பியதும் அடி எளிதில் பெயர்ந்து வந்தது. வேரில்லை. கிழிந்த வெண்கிண்ணம் ஒன்று அதைத் தாங்கியிருந்தது.

"ஹாத் தேபேன் நா!" என்று நிமாய் கத்தினார். தொடவேண்டாம் என்பது மொழியறியாத எனக்கும் விளங்கியது.

கைக்குட்டையில் அதை முடிந்து மடியில் வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தேன். அதைக் கண்டதும் மருத்துவர் உடனே மருந்து ஏற்றத் தொடங்கினார். அல்லி தின்ற நான்கு துண்டுகளும் எந்தக் காளானுக்குரியவை என்று எவராலும் கூற இயலவில்லை.

மூன்று நாள் அவள் விழிகளில் மஞ்சள் படர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் மொகத்தையே மொறைக்காதண்ணே. விஷத்தவிட நீ பயமுறுத்துற."

மஞ்சள் படரவில்லை. நான்காம் நாள் வீடு திரும்பினாள்.

ஊர் திரும்ப ஹவுராவில் ரயிலேறினேன். திருச்சியில் காளான் பெட்டியில் அடைபட்டு, பெயர் ஒட்டப்பட்டு வருகிறது. யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை. சாந்த்ராகாச்சியில் வண்டி ஊர்ந்தது. முதல்நாள் மழை பெய்திருந்தது. புதர்களுக்கிடையே வெண்மையாக ஏதோ தெரிந்தது. பதினோராவது குழியை மூடாமல் வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேறு யாரேனும் கூடையோடு அங்கே வரக்கூடும். சன்னல் கதவை இறக்கிவிட்டேன்.