லீலா திருப்பிவைத்த திரை

மலைக்கிராமமான போளூரின் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய ஒற்றையறைக் கம்ப்யூட்டர் கடையில், யாராவது கடவுச்சொல் அடிக்கும்போது லீலா திரையை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வாள். அவர்கள் எழுந்து போனதும், பார்த்த பக்கங்களையெல்லாம் அழித்துவிட்டுத்தான் அடுத்தவரை உட்காரச் சொல்வாள். வரிசை வாசலைத் தாண்டி நின்றாலும் இது மாறாது. ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொண்ட அவள் கணவன் முத்துராஜ், "கோயில் பிரகாரமா கழுவுற? வெரசா விடு" என்று கிண்டல் செய்வான்.

போன தை மாதம் பிரவுசர் தானாகவே புதுப்பித்துக்கொண்டபோது, திரையின் ஓரத்தில் ஏ.ஐ. பெட்டி ஒன்று வந்து உட்கார்ந்தது. மனு எழுதித் தந்தது, இங்கிலீஷைத் தமிழாக்கிப் படித்துக் காட்டியது. முத்துராஜுக்குப் பிடித்துப்போயிற்று. லீலாவுக்கும்தான்.

காட்டில் பூண்டு போட்டிருந்த காளியாயி, மதுரையில் எடுத்த பரிசோதனை ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தது அந்த வாரம்தான். மார்பில் இருப்பது புற்றுநோய், ஆரம்பக் கட்டம், மருத்துவம் உண்டு என்று பெட்டி எளிய தமிழில் சொன்னது. காளியாயி அழவில்லை. பூண்டு எடுக்கும்வரை வீட்டில் தெரியக் கூடாது என்றாள். தெரிந்தால் கொழுந்தன் திருமலைச்சாமி, சீக்காளி எப்படிக் காடு பார்ப்பாள் என்று குடும்பக் காட்டில் அவள் பங்கை வேறு ஆளுக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவார். புருஷன் இல்லாத அவளுக்கு அந்தப் பூண்டு விற்ற காசில்தான் வைத்தியம். டாக்டரிடம் போவதை மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் திருமலைச்சாமியே மனு எழுத வந்து உட்கார்ந்தார். லீலா பெட்டியைத் திறந்ததும் முதல் வரி: நேற்றைய மார்பகக் கட்டி ரிப்போர்ட்டைப் பற்றித் தொடரலாமா? அவள் திரையை அணைத்தாள். சட்டைப்பையில் கண்ணாடியைத் துழாவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, கரண்ட் போயிருச்சா என்றார்.

"இல்லைங்க மாமா, நாந்தான். ஒரு நிமிசம்."

அவரை அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தினாள். பழைய பக்கங்களை அழித்தாலும், பெட்டியின் நினைவு வேறிடத்தில் தனியாகக் கிடந்தது. யாரையும் கேட்காமலே பிரவுசர் கம்பெனிக்காரர்கள் அதை இயக்கி வைத்திருந்தார்கள். செட்டிங்ஸுக்குள் எங்கெங்கோ நுழைந்து, ஒவ்வொன்றாகத் தேடி அணைத்தாள். அவர்தான் பார்க்கவில்லையே, விடு என்றான் முத்துராஜ். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பூண்டுக் காட்டுக்கு நடந்தாள், காளியாயியிடம் சொல்லியாக வேண்டும் என்று. அவனும் பின்னாலேயே போனான்.

களை வெட்டிக்கொண்டிருந்த காளியாயி முழுவதையும் கேட்டாள்.

"ஏத்தா, எங்கொழுந்தனுக்கு எதுக்க வர்ற பஸ்ஸு போர்டே தெரியாது. ஒம் பொட்டியவா படிக்கப்போறான்?" பிறகு குரல் இறங்கியது. "ஆனா, நீ வந்து சொன்ன பாரு."

அடியோடு அணைத்துவிட்டேன், இனிமேல் வராது என்றாள் லீலா.

"அத எதுக்கு அணைச்ச? டாக்டரு சொன்னதுல பாதி எனக்கு வெளங்கல. அதுதான் புரியுறாப்புல சொல்லுச்சு. நான் கேக்கையில பேசட்டும். நான் எந்திரிச்சா அதுவும் மறந்துரணும். அம்புட்டுத்தான்."

அன்றிலிருந்து லீலா எல்லாரையும் கேட்டாள், பெட்டி வேணுமா வேண்டாமா என்று. இயக்குவதையும் அணைப்பதையும் அவர்கள் கையாலேயே செய்யச் சொன்னாள். மவுஸ் பிடித்துப் பழகாத விரல்கள் தடுமாறும். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பாள். ஹெட்போன் ஒன்றும் வாங்கிவைத்தாள்.

காளியாயி பூண்டு எடுத்தாள். பிறகு அவளே வீட்டில் சொன்னாள். லீலா ஆடியில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

கருமாதி முடிந்து முத்துராஜ் கடை திறந்தான். அவள் கடைசியாக எதைப் பார்த்தாள், என்ன தேடினாள் என்று பிரவுசருக்குள் துழாவினான். ஒன்றுமே இல்லை. தன்னுடையதையும் அழித்துவிட்டிருந்தாள். ஒரு பாட்டு, ஒரு சமையல் குறிப்பு கூட இல்லை. அவள்மேல் கோபம் வந்தது.

அன்று முதல் ஆளாகக் காளியாயி புது ரிப்போர்ட்டோடு வந்தாள். பெட்டி வேணுமாக்கா என்று கேட்டு, திரையை அவள் பக்கம் திருப்பினான். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மவுஸை மெல்ல நகர்த்தி இடத்தைக் கண்டுபிடித்து அமுக்கினாள். முத்துராஜ் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். லீலா நிற்கும் அதே இடம்.

வெகுநேரம் கழித்துக் குரல் வந்தது.

"அணைச்சுட்டேன். திரும்புய்யா."