விரிக்கப்படாத பாய்

எழுபதுகளில், கல்லூரி விடுமுறையின்போது, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு நாடகக் குழுவில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஒரகடம் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று நாடகத்துக்கு ஆள் அழைப்பது என் வேலை. ஊருக்கு வெளியே இருந்த காலனியில் மேரியக்கா என்பவரிடம், "முன்னாடியே வந்து உட்காருங்கக்கா" என்று வற்புறுத்திவிட்டு வந்தேன். நாடகம் நடக்கவிருந்தது ஊர்க்கோயில் வாசலில் என்பதை நான் யோசிக்கவேயில்லை.

அன்று மாலை அவர் பாயும் பிள்ளைகளுமாக வந்தார்.

"காலனிக்காரங்கள இங்க யாருய்யா கூப்ட்டது?" என்று ஊர்க்காரர் ஒருவர் அதட்டினார். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. மேரியக்கா என்னை ஒருமுறை பார்த்தார்.

"யாரும் கூப்புடல சாமி, நாங்களாதான் வந்தோம். வாங்கடா, வூட்டுக்குப் போலாம்" என்று சுருட்டிய பாயோடு திரும்பி நடந்தார்.

இப்போதெல்லாம், ஓரிடத்தில் யாரெல்லாம் உட்காரலாம் என்று விசாரிக்காமல் எவரையும் நான் அழைப்பதில்லை. யார் கூப்பிட்டது என்று எவரேனும் கேட்டால், "நான்தான்" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.